சான்று எங்கிருந்து வந்தது? ஆய்வு முறைகேடு: வாசகர் கேள்வி பதில்

பல்கலைக்கழக ஆய்வு முறைகேடு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கையில் இருக்கும் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? புகார் கொடுத்தவர்கள், புகாருக்கு ஆளானவர்கள், விசாரிக்க அமர்த்தப்பட்டவர்கள் என எல்லாத் தரப்பினரும் கேட்டிருக்கிறார்கள். யார் கேட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்தச் சான்று எங்கே பிறந்தது, யார் யார் கை மாறி இங்கே வந்தது?

கேள்வி: எங்கள் நெறியாளர் சக மாணவர் ஒருவருக்கு, “மூன்றாம் குழுவின் மதிப்புகளைக் கொஞ்சம் சரிசெய்து அனுப்பு” என்று எழுதிய மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. புகார் கொடுக்க இது போதுமா? (முனைவர் பட்ட ஆய்வு மாணவி)

புகாரைத் தொடங்கப் போதும். ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டப் போதாது. ஸ்கிரீன்ஷாட் என்பது படம் மட்டுமே. உலாவியில் திறந்திருக்கும் எந்த மின்னஞ்சலிலும் இருக்கும் எழுத்துகளை ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டுப் படமெடுக்க முடியும். படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் படம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு “இது ஜோடிக்கப்பட்டது” என்று ஒரு வார்த்தை சொன்னால், அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

தேவைப்படுவது மின்னஞ்சலின் மூல வடிவம். அதைப் பெற்ற மாணவர் மனம் ஒப்பினால், தன் அஞ்சல் பெட்டியிலிருந்து அந்த அஞ்சலை அப்படியே கோப்பாகத் தரவிறக்க வேண்டும். ‘ஃபார்வர்ட்’ செய்யக் கூடாது. ஃபார்வர்ட் செய்தால் பழைய ஹெடர், அதாவது அஞ்சல் வந்த வழியைச் சொல்லும் தலைப்பகுதி, கழன்றுவிடும். அனுப்பியவரின் இடத்தில் புதியவரின் விவரம்தான் நிற்கும். மூலக் கோப்பில், அஞ்சல் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தைப் பதிந்திருக்கும். அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் இருப்பதுதான் முதலில் நடந்தது. நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேர மண்டலக் குறியைக் கவனிக்கத் தவறினால் சில மணி நேரம் பிசகும். அந்தப் பிசகை வைத்தே சில புகார்கள் தடம் மாறிப்போகும். அனுப்பிய சர்வரின் டிஜிட்டல் கையொப்பமும் ஹெடரில் இருந்தால், உள்ளடக்கம் வழியில் மாறவில்லை என்பதைச் சரிபார்க்கலாம். இவை எல்லாவற்றையும்விட வலுவானது, பல்கலைக்கழகத்தின் அஞ்சல் சர்வரில் இருக்கும் பிரதி. அதை எடுத்துவைக்கும்படி விசாரணை அலுவலரிடம் எழுத்து மூலம் முதல் நாளே கேளுங்கள். பல நிறுவனங்களில் பழைய அஞ்சல்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும்.

கோப்பு கிடைத்ததும் அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் கைரேகை போன்ற குறியை, தேதியோடு குறித்துவையுங்கள். ஷா-256 முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். ஆனால் ஹேஷ் சொல்வது, குறித்துவைத்த நாளுக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டும்தான். அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. இந்த எல்லையை மறந்து, “ஹேஷ் இருக்கிறது, ஆகவே உண்மை” என்று வாதிடுபவர்களைப் பார்க்கலாம்.

இன்னொன்று, ‘சரிசெய்’ என்ற சொல். அலகு மாற்றுவதும் சரிசெய்வதுதான், கருவியின் தொடக்க அளவை (அடிக்கோட்டை) திருத்துவதும் சரிசெய்வதுதான், எண்ணைக் கற்பனையாக மாற்றுவதும் சரிசெய்வதுதான். அந்த அஞ்சலுக்கு முன்னும் பின்னும் போய்வந்த அஞ்சல்கள், இணைப்பாகப் போன தரவுக் கோப்பு, திரும்பி வந்த தரவுக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் தெரியும். இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த எண்கள் மாறின, எல்லாக் குழுவிலும் ஒரே விதியின்படி மாறினவா, ஒரு குழுவில் மட்டும் விரும்பிய திசையில் மாறினவா என்று பாருங்கள். புகாரின் உயிர் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: நெறியாளரின் அஞ்சல் பெட்டிக்குள் நீங்களே நுழைந்து தேடாதீர்கள். கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் வேண்டாம். சான்று வீணாவதோடு, விசாரணை உங்கள்மேல் திரும்பும்.

கேள்வி: விசாரணைக் குழுவில் இருக்கிறேன். கொடுக்கப்பட்ட ஆய்வகக் குறிப்பேட்டில் சில பக்கங்களின் மை வேறு மாதிரி இருக்கிறது, தேதிகள் முன்பின்னாக இருக்கின்றன. “பிறகு உட்கார்ந்து எழுதியது, ஆகவே புனைவு” என்கிறார் சக உறுப்பினர். ஏற்கலாமா? (இணைப் பேராசிரியர்)

‘பிறகு எழுதியது’ என்பது ஒரு கண்டுபிடிப்பு. ‘புனைந்தது’ என்பது வேறொரு கண்டுபிடிப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தானாகப் பாலம் கிடையாது.

இதற்கு உலகமே படித்த பாடம் ஒன்று இருக்கிறது. 1986-இல் ‘செல்’ இதழில் நோயெதிர்ப்பியல் கட்டுரை ஒன்று வந்தது. அதை எழுதியவர்களில் தெரேசா இமானிஷி-காரியும், நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோரும் இருந்தார்கள். அதே ஆய்வகத்தில் இருந்த மார்கட் ஓ’டூல், குறிப்பேட்டின் பக்கங்கள் சிலவற்றுக்கும் கட்டுரைக்கும் பொருத்தமில்லை என்று கேள்வி எழுப்பினார். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை போய், நாட்டின் சீக்ரெட் சர்வீஸ் தடயவியலாளர்கள் குறிப்பேடுகளைச் சோதித்தார்கள். கதிரியக்க எண்ணிக்கைக் கருவி அச்சிட்ட காகிதச் சுருள்களின் மை, அச்சு, காகிதம் ஆகியவற்றைத் தேதி தெரிந்த மற்ற குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு, சில சுருள்கள் சொல்லப்பட்ட காலத்தவை அல்ல என்றார்கள். 1994-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 19 குற்றச்சாட்டுகளில் இமானிஷி-காரியைக் குற்றவாளி என்றது. 1996-இல் மேல்முறையீட்டுக் குழு அத்தனையையும் தள்ளுபடி செய்தது. முன்வைக்கப்பட்ட சான்றுகளில் பலவும் வழக்கோடு தொடர்பில்லாதவை, தமக்குள்ளேயே முரண்படுபவை, நம்பகத்தன்மைக்கு அடித்தளம் இல்லாதவை என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு. ஒழுங்கற்ற அந்தக் குறிப்பேடு மோசடியானது என்று நிரூபிக்கப்படவில்லை. இதற்கெல்லாம் பத்து ஆண்டுகள் ஆயின. கேள்வி எழுப்பியவருக்கும் கேள்விக்கு ஆளானவருக்கும் அந்தப் பத்து ஆண்டுகள் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், உங்கள் குழு அவசரப்படாது.

ஆகவே மையை விட்டுவிட்டு, குறிப்பேட்டுக்கு வெளியே தேடுங்கள். அன்றைய தேதியில் கருவியைப் பயன்படுத்தியதாகக் கருவிப் பதிவேட்டில் வரி இருக்கிறதா? விலங்குச் சோதனை என்றால், விலங்குக் கூடத்தின் கூண்டுப் பதிவில் அத்தனை எலிகள் இருந்தனவா? எழுதியிருக்கும் வேதிப்பொருளின் தொகுப்பு (பேட்ச்) எண் என்ன? குறிப்பேட்டின் தேதிக்குப் பிறகு தயாரான தொகுப்பின் எண் அதில் இருந்தால் அது கனமான சான்று. அதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம். அந்த எண்ணைக் கொள்முதல் ரசீதோடும் தயாரிப்பாளரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். உறைகலப் பெட்டியில் மாதிரிக் குழாய்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் பார்க்கத் தவறாதீர்கள். குழாய் இருந்தால் மறுபடி அளக்கலாம். எந்த வாக்குமூலத்தையும்விட அது தெளிவாகப் பேசும்.

குறிப்பேட்டைக் கைப்பற்றும்போது சந்தேகப் பக்கங்களை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று நினைப்பது பெரிய பிழை. முழுக் குறிப்பேட்டையும், அதே காலத்தில் அதே ஆய்வகத்தில் மற்றவர்கள் எழுதிய குறிப்பேடுகளையும் எடுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத சான்று ஊமைச் சான்று. எல்லோருமே வார இறுதியில் உதிரித் தாள்களிலிருந்து படியெடுத்து எழுதும் ஆய்வகம் என்றால், இவர் பிறகு எழுதியதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பக்கங்களை எண்ணி, கிழித்த அடிக்கட்டைகளையும் எண்ணி, உரியவர் முன்னிலையில் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, அவருக்கு நகல் கொடுத்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும். நகல் கொடுக்காமல் எடுத்தால் அவர் தன் தரப்பைச் சொல்லவே வழியிருக்காது. பின்னால் மேல்முறையீட்டில் உங்கள் குழுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: கட்டுரை வெளியான பிறகு எக்செல் கோப்பு திருத்தப்பட்டதாக அதன் ‘மாற்றிய தேதி’ காட்டுகிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? (ஆய்வு உதவியாளர்)

இன்னும் நிறைய வேண்டும். கோப்பைத் திறந்து, நெடுவரிசையை அகலப்படுத்தி, மூடும்போது ‘சேமி’ என்று அழுத்தினாலே தேதி மாறிவிடும். மேகச் சேமிப்பில் தானியங்கிச் சேமிப்பு இயங்கினால் அந்த அழுத்தம்கூடத் தேவையில்லை. பென் டிரைவுக்கு நகலெடுத்தால், ‘உருவாக்கிய தேதி’ நகலெடுத்த நாளாகவும், ‘மாற்றிய தேதி’ பழைய நாளாகவும் நிற்பது வழக்கம். “பிறப்பதற்கு முன்பே மாறியிருக்கிறது, மோசடி!” என்று இதைக் கண்டு துள்ளுவது விஷயம் தெரியாதவர்கள் செய்வது. கணினியின் கடிகாரமே தவறாக ஓடியிருக்கவும் வாய்ப்புண்டு.

முதலில், புகார் வந்த பிறகு அந்தக் கோப்பை யார் யார் திறந்தார்கள் என்று உங்கள் தரப்பிலேயே கேளுங்கள். விசாரிப்பவரே திறந்து சேமித்துத் தேதியைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. மூலத்தைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

நகலை வைத்துக்கொண்டு உள்ளே போகலாம். இன்றைய எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும். ஒன்றில் உருவாக்கியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர், இரண்டு நேரங்கள். அந்தப் பெயர், மென்பொருளில் பதிந்திருக்கும் பயனர் பெயர்; விசைப்பலகை முன் உட்கார்ந்திருந்தவர் அவர்தான் என்று அது உறுதி சொல்லாது. சூத்திரங்கள் உள்ள தாளில் ‘கால்க்செயின்’ என்றொரு கோப்பும் இருக்கும். எந்தக் கட்டத்தை எந்த வரிசையில் கணக்கிடுவது என்று எக்செல் தனக்காக எழுதிக்கொள்ளும் பட்டியல் அது. வரிகளை இடம் மாற்றினாலும் பழைய வரிசையின் தடம் அதில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. 2023-இல் பெரிதாகப் பேசப்பட்ட நடத்தையியல் ஆய்வுச் சர்ச்சை ஒன்றில், சில வரிகள் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர்ந்திருப்பதாகச் சந்தேகம் எழ இந்தத் தடம்தான் காரணம். ஆனால் இந்தப் பட்டியல் மாற்றங்களைப் பதிவு செய்ய உருவாக்கப்பட்டதல்ல. வரி நகர்ந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். யார் நகர்த்தினார், ஏன் நகர்த்தினார் என்பதை அதனிடம் கேட்க முடியாது. தவறான குழுவில் பதிந்த ஒருவரைச் சரியான குழுவுக்கு மாற்றுவதும் வரி நகர்வுதான். பதிலைத் தேட வேண்டிய இடம், பங்கேற்பாளர்கள் நிரப்பிய காகிதப் படிவம், அல்லது கருத்துக்கணிப்பு நடத்திய இணையச் சேவையின் சர்வரிலிருந்து முதலில் எடுத்த தரவுக் கோப்பு. அங்கே இருக்கும் எண்ணும் கட்டுரையின் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டால், தேதிச் சண்டையே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: ஒரே வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வில் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பட்டை இரண்டு படங்களில் வருவதாக ஒரு மென்பொருள் சிவப்புக் குறி போட்டிருக்கிறது. எப்படி உறுதி செய்வது? (உயிரியல் துறை ஆய்வாளர்)

மென்பொருள் சொல்வது ‘ஒத்திருக்கிறது’ என்பதுதான். பட்டைகளின் வடிவத்தைப் பார்க்காதீர்கள். நன்றாக ஓடிய பட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னணியைப் பாருங்கள். தூசிப்புள்ளி, கீறல், சமமில்லாத சாம்பல் திட்டு ஆகியவை இரண்டு தனித்தனிப் பரிசோதனைகளில் ஒரே இடத்தில் விழாது. வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைத்துப் பின்னணியை வெளிக்கொணர்ந்து, ஒரு படத்தை மற்றதன்மேல் ஒட்டி, வேறுபாட்டு முறையில் கழித்துப் பாருங்கள். திருப்பியும் கண்ணாடிப் பிம்பமாக்கியும் அகலத்தை நீட்டியும் பார்க்க வேண்டும்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இதழின் பிடிஎஃப் கோப்பிலிருந்து வெட்டிய படத்தை வைத்து இதையெல்லாம் செய்யாதீர்கள். ஜேபெக் சுருக்கம் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சமன்படுத்துகிறது. வெறும் பின்னணியில் அந்தக் கட்டங்களே ‘ஒட்டுப்போட்ட’ விளிம்பு போலத் தெரியும். நுண்ணிய இரைச்சலும் அழிந்திருக்கும். படமெடுத்த கருவியின் மூலக் கோப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் அது 16 பிட் டிஃப் கோப்பு, அதாவது 65,536 சாம்பல் நிலைகள். ‘மூலம்’ என்று சொல்லி 256 நிலைகள் மட்டுமே கொண்ட 8 பிட் ஜேபெக் வந்தால், அது மூலம் அல்ல என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நிரபராதமான விளக்கங்களும் இருக்கின்றன. ஒரே சவ்வைக் கழுவி இரண்டு புரதங்களுக்குச் சோதித்திருந்தால், ஒப்பீட்டுக்காக வைக்கும் கட்டுப்பாட்டுப் பட்டை இரண்டு படங்களிலும் ஒன்றாக வருவது முறையானதே. கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தற்காலிகமாக வைத்த படம் மாற்றப்படாமல் அச்சுக்குப் போயிருக்கலாம். அப்படியானால் சரியான படம் எங்கோ பழைய தேதியோடு இருக்கும்; கேட்டால் கிடைக்கும். படம் திருப்பப்பட்டு, நீட்டப்பட்டு, வேறு பெயரில் வந்திருந்தால் கவனக்குறைவு என்ற விளக்கம் மெலிந்துபோகிறது. கை தவறி ஒரு படம் இரண்டு முறை ஒட்டப்படலாம். கை தவறிக் கண்ணாடிப் பிம்பமாவது அரிது. எலிசபெத் பிக்கும் சக ஆய்வாளர்களும் 2016-இல் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்துச் சலித்தபோது, 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. மீதியை நினைவில் வையுங்கள். குறி விழுந்த எல்லாமே மோசடி அல்ல.

கேள்வி: 25 பேரிடம் 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்ட ஆய்வில் சராசரி 3.46 என்று போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சராசரி வரவே முடியாது என்கிறான் என் மாணவன். எண்களை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சாட்ட முடியுமா? (புள்ளியியல் ஆசிரியர்)

உங்கள் மாணவன் கணக்குப் போட்டது சரி. 25 முழு எண்களின் கூட்டுத்தொகை 86 என்றால் சராசரி 3.44, 87 என்றால் 3.48. நடுவில் 3.46 விழ இடமில்லை. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016-இல் முன்வைத்த ‘கிரிம்’ சோதனை இதுதான். இரண்டு தசமம் வரை போட்ட சராசரிக்கு, நூறு பேருக்குக் குறைவான ஆய்வுகளில் இது வேலை செய்யும்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தால் 24 பேர். கூட்டுத்தொகை 83 என்றால் சராசரி 3.458, அதாவது 3.46. ஒன்றுக்குப் பதில் இரண்டு கேள்விகளின் சராசரியைப் போட்டிருந்தால் 50 விடைகள். கூட்டுத்தொகை 173 என்றால் துல்லியமாக 3.46. ஒரே எண்ணுக்கு இரண்டு நிரபராத விளக்கங்கள்! ஆகவே கிரிம் சோதனையில் தவறிய எண், மூலத் தரவைக் கேட்க உரிமை தருகிறது. குற்றச்சாட்டை எழுதும் உரிமையை அது தரவில்லை.

கடைசி இலக்கச் சோதனையும் இப்படித்தான். பல இலக்கங்களில் அளந்த எண்களின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பரவ வேண்டும். மனத்தில் தோன்றியதை எழுதுபவருக்கு அப்படிப் பரப்பத் தெரியாது. தன்னையறியாமல் சில இலக்கங்களை விரும்புவார், சிலவற்றைத் தவிர்ப்பார். ஒவ்வோர் இலக்கமும் சராசரியாக ஐந்து முறையாவது வர, குறைந்தது 50 எண்கள் வேண்டும். சில நூறு இருந்தால் நல்லது. சமப் பரவலிலிருந்து எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதை அளக்கும் கை-வர்க்க மதிப்பு, 9 கட்டின்மைக் கூறுகளில் (பத்து இலக்கங்களுக்கு ஒன்று குறைவு), 16.92-ஐத் தாண்டினால், தற்செயலாக நேர ஐந்து சதவீத வாய்ப்பே உள்ள எல்லையைத் தாண்டியதாகக் கொள்கிறோம். ஆனால் முள் காட்டும் அளவுகோலைக் கண்ணால் படித்தவர் 0, 5 என்று முழுமையாக்கியே எழுதுவார். அது பழக்கம், பொய் அல்ல. தவிர, ஒருவரின் இருபது அட்டவணைகளைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகவே எல்லையைத் தாண்டும். எத்தனை அட்டவணைகளைப் பார்த்தீர்கள், எதையெதை விட்டீர்கள் என்று முழுக்கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிடிபட்ட ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டுவது, புகார் கொடுப்பவரே செய்யும் திரிப்பு.

எல்லாவற்றையும்விட ஆபத்தான வாக்கியம் இது: “இவர் நேர்மையானவர் என்றால் இப்படி எண்கள் வர வாய்ப்பு லட்சத்தில் ஒன்று, ஆகவே இவர் நேர்மையானவராக இருக்க வாய்ப்பு லட்சத்தில் ஒன்று.” முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. லட்சக்கணக்கான கட்டுரைகளைச் சலித்தால், நேர்மையானவர்களிலும் அப்படிச் சிலர் சிக்குவார்கள்.

எண்கள் வீண் என்று இதற்குப் பொருளில்லை. மயக்கவியல் ஆய்வாளர் யோஷிதாகா ஃபூஜியின் தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருப்பதை 2000-ஆம் ஆண்டிலேயே சிலர் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டினார்கள். 2012-இல் ஜான் கார்லைல் அவருடைய சோதனைகளைப் புள்ளியியல் முறையில் அலசினார். அதே ஆண்டு ஜப்பான் மயக்கவியலாளர் சங்கம் விசாரித்து, 212 கட்டுரைகளில் 172 புனையப்பட்டவை என்று அறிவித்தது. புள்ளியியல் கதவைத் தட்டியது. உள்ளே போய்ப் பதிவுகளையும் ஆட்களையும் விசாரித்த பிறகே முடிவு வந்தது. நடுவில் போன பன்னிரண்டு ஆண்டுகள்தான் வருத்தம்.

கேள்வி: என்மேல் புகார். நான்கு ஆண்டுக்கு முந்தைய மூலத் தரவு இருந்த மடிக்கணினி பழுதாகிவிட்டது. “தரவு இல்லை என்றாலே குற்றம்தான்” என்கிறார்கள். உண்மையா? (முதுமுனைவர் ஆய்வாளர்)

அப்படி ஒரே வரியில் முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் (2024-இல் இவை திருத்தப்பட்டன) இருந்த அணுகுமுறை இதில் உதவும்: பதிவுகளை வேண்டுமென்றோ, தெரிந்தோ, பொறுப்பற்ற முறையிலோ அழித்தார், அல்லது வைத்திருக்க வாய்ப்பிருந்தும் வைக்கவில்லை, அல்லது வைத்துக்கொண்டே தரவில்லை, அந்தச் செயல் துறையின் வழக்கத்திலிருந்து பெரிதும் விலகியது என்று நிறுவனம் காட்டினால், இல்லாமையே சான்றாகக் கொள்ளப்பட்டது. காட்டும் பொறுப்பு நிறுவனத்துக்கு இருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி எப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் “போய்விட்டது” என்று சொல்லி நின்றுவிடாதீர்கள். அளவிட்ட கருவியோடு இணைந்த கணினியில் கோப்பு இருக்கலாம். பொதுக்கருவிக் கூடத்தின் சர்வர், பல்கலைக்கழகத்தின் காப்புப்பிரதி, இணை ஆசிரியர்களுக்கு அனுப்பிய அஞ்சலின் இணைப்பு, இதழுக்குச் சமர்ப்பித்தபோது ஏற்றிய துணைக்கோப்பு, துறைக் கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு என்று ஒவ்வொன்றாகத் தேடி, தேடிய நாள், கேட்ட ஆள், கிடைத்த பதில் ஆகியவற்றைப் பட்டியலாக்கிக் கொடுங்கள். பழுதான கணினியைத் தூக்கி எறியாதீர்கள். பழுது நீக்கியவரின் ரசீது இருந்தால் அதையும் இணையுங்கள். வன்தட்டிலிருந்து தரவை மீட்கும் முயற்சியை நீங்களே செய்யாமல் குழுவின் மேற்பார்வையில் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீட்டு வந்த தரவும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன் விவகாரத்தில் இடப்பற்றாக்குறையால் கோப்புகளை அழித்துவிட்டதாக அவர் சொன்னார். ஒழுங்கான குறிப்பேடும் இல்லை. 2002 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, 24 குற்றச்சாட்டுகளில் 16-ஐ உறுதி செய்தது. தரவு இல்லாமை மட்டும் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. வெவ்வேறு சாதனங்களில் எடுத்ததாகச் சொன்ன வரைபடங்களில் இரைச்சல்கூடப் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்ததுதான் அவரைச் சிக்கவைத்தது. மீதி எட்டும் உறுதியாகவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட்டார்கள்.

“மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை” என்று உங்களிடம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நேர்மையானவருக்கும் பயம் வரும்; பயந்துபோய்ப் பழைய குறிப்பேட்டில் விடுபட்டதை இன்று நிரப்புவதுதான் நேர்மையானவரைக் கவிழ்க்கும் செயல். நிரப்பவே வேண்டுமென்றால் இன்றைய தேதியிட்டு, ‘நினைவிலிருந்து எழுதியது’ என்று தலைப்பிட்டுத் தனித்தாளில் எழுதுங்கள்.

கேள்வி: பெயரில்லாப் புகாரை விசாரிக்கலாமா? (துறைத் தலைவர்)

சான்று தன் காலில் நிற்குமானால் விசாரிக்கலாம். இரண்டு படங்கள் ஒன்றா இல்லையா என்பதைச் சரிபார்க்கப் புகார்தாரரின் பெயர் எதற்கு? “அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டேன்” என்ற வகைப் புகாருக்குத்தான் ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் அதை எடைபோட முடியாது. யார் எழுதியிருப்பார் என்று மோப்பம் பிடிக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள்.

கேள்வி: என் ஆய்வேட்டை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் ஒப்புமை மென்பொருள் 38 சதவீதம் ஒத்திருப்பதாகக் காட்டுகிறது, இன்னொரு மென்பொருள் “ஏஐ எழுதியது” என்கிறது. என்மேல் உள்ள புகாரில் இரண்டையும் சான்றாக இணைத்திருக்கிறார்கள். ஏற்கலாமா? (முதுநிலை மாணவர்)

முதலாவது சான்றுக்கான வழிகாட்டி. மேற்கோள், நூற்பட்டியல், செய்முறைப் பகுதியின் வழக்கமான தொடர்கள், உங்களுடைய பழைய ஆய்வேடு ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சும் பத்திகளை மூலத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒருவர் படிக்க வேண்டும். 38-இல் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். 6-இல் ஒரு முழுப் பத்தித் திருட்டு இருக்கலாம். இரண்டாவதைச் சான்றாகவே ஏற்கக் கூடாது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் சொந்தக் கண்டறி கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அது காட்டியதாக நிறுவனமே சொல்லியிருந்தது. உங்கள் ஆவணத்தின் திருத்த வரலாற்றையும் முந்தைய வரைவுகளையும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஆறு சான்றுகள். தனித்தனியே பார்த்தால் எதுவும் வலுவில்லை. “ஆறும் சேர்ந்தால் போதும்” என்கிறார் தலைவர். (குழு உறுப்பினர்)

ஆறும் உண்மையில் ஆறுதானா என்று முதலில் எண்ணுங்கள். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள், ஆனால் மூவருக்கும் அது ஒரே நண்பரிடமிருந்து தெரிந்தது என்றால், அது ஒரே சான்று. ஸ்கிரீன்ஷாட்டும் அதை விவரிக்கும் வாக்குமூலமும் ஒன்றுதான். ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு இடத்தில் பிறந்த சான்றுகள் ஒரே திசையைக் காட்டினால்தான் கூட்டுவதில் பொருள் உண்டு. கருவிப் பதிவேடு, கொள்முதல் ரசீது, சர்வர் அஞ்சல் போன்றவை அந்த வகை.

இத்தகைய விசாரணைகளில் பல இடங்களில் பின்பற்றும் அளவுகோல், நடந்திருக்க வாய்ப்புக் கூடுதலா, நடக்காதிருக்க வாய்ப்புக் கூடுதலா என்பது. குற்றவியல் நீதிமன்றத்தின் ‘ஐயத்துக்கு இடமின்றி’ அல்ல. அளவுகோல் தாழ்ந்திருப்பதால்தான் சான்றின் பிறப்பிடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. செயல் நடந்தது என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. வேண்டுமென்றோ, தெரிந்தோ, பொறுப்பற்றோ செய்தாரா என்பதைத் தனிக் கேள்வியாக எடுத்து, அதற்கு உரிய சான்று எது என்று தனியாக எழுத வேண்டும். நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் முறைகேடு அல்ல.

தலைவரிடம் ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வரி: என்ன, எங்கிருந்து, யார் கொடுத்தது, மூலமா நகலா, எதைச் சாராதது, குற்றமற்றவர் என்றால் இது எப்படி வந்திருக்கும், அந்த விளக்கத்தைச் சோதித்தோமா. கடைசி இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கும் வரிகளை அடுத்த கூட்டத்துக்கு முன் நிரப்புங்கள். நிரப்பிய அட்டவணையைப் புகாருக்கு ஆளானவரிடம் கொடுத்து, பதில் எழுதக் கால அவகாசம் தந்து, அந்தப் பதிலையும் அறிக்கையோடு இணையுங்கள்.